முதலில் சூடு, பிறகு பால்

கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் என்பது அரசாங்கக் காகிதங்களில் எனக்கு இருந்த பெயர். கிராமத்துச் சனங்களுக்கு நான் மாட்டு டொக்டர். அந்தப் பட்டம் பேராதனையில் படித்து வெளிவரும் மிருக வைத்தியர்களுக்கே உரியதென்று எத்தனை முறை சொல்லியும் அவர்கள் கேட்டதில்லை. குண்டசாலையில் பயிற்சி முடித்து, 1984 ஆம் ஆண்டில் வவுனியாவுக்கு நியமனம் பெற்று வந்து, நெளுக்குளத்தில் ஒரு துண்டுக் காணியில் கொட்டில் போட்டுக் குடியிருந்து, சைக்கிளின் பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மன்னார் வீதியிலும் அதிலிருந்து பிரியும் கிறவல் ஒழுங்கைகளிலும் முப்பத்து நான்கு வருஷங்கள் திரிந்திருக்கிறேன். பசுவையும் எருமையையும் ஆட்டையும் கோழியையும் பற்றி அந்நாட்களில் எழுதிவைத்த குறிப்புப் புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதற் பத்தாண்டுகளின் குறிப்புகளில் பூனை என்ற சொல் ஒரேயோர் இடத்திலேதான் வருகிறது. அங்கேயும் எழுதியிருப்பது ஒரு மரணம்.

பூனைக்கு வைத்தியம் பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் வன்னியில் இருக்கவில்லை. சனங்களிடம் கருணை இல்லாமையால் அல்ல. மாரியை நம்பிக் காலபோகம் செய்து, வெட்டிய நெல்லைக் கொட்டிலில் மூட்டைகளாக அடுக்கி வைக்கும் குடும்பங்களுக்குப் பூனை இன்றியமையாத பிராணி. எலி நெல்லைத் தின்பதோடு நில்லாது, எலியைத் தேடிப் புடையன் பாம்பும் வீட்டுக்குள் வரும் என்பதை அறியாதவர் இங்கே எவருமில்லை. ஆயினும் கறவை மாடு படுத்தால் குடும்பமே படுத்துவிடும் என்ற நிலையில், தொண்டை அடைப்பானுக்கும் கால்வாய் நோய்க்கும் ஊசி போடவே மருந்து போதாதிருந்த காலத்தில், பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரைத் தேடிப்போக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிழைத்தால் பிழைக்கும், இல்லையேல் பத்தைக்குள் போய்ப் படுத்துச் செத்துவிடும் என்பதே பூனையைப் பற்றிய பொது முடிவாக இருந்தது.

அந்த முதற் குட்டியை எனக்குக் கொண்டுவந்தவர், மாட்டுக்குப் புழு மருந்து கேட்டு வந்த ஓர் ஆச்சி. சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த, உள்ளங்கை அளவேயான குட்டியை என் முன் நீட்டி, “டொக்டர் தம்பி, இதின்ரை தாயைப் பாம்பு தீண்டிப் போட்டுது. இரா முழுக்கக் கத்திக்கொண்டு கிடந்தது. இப்ப சத்தத்தையும் காணேல்லை. ஒருக்காப் பாருங்கோ” என்றார். மாட்டுக்கன்றுக்குத் தாய் இல்லாவிட்டால் பால் கொடுத்துக் காப்பாற்றும் வழக்கத்தில் ஊறியிருந்த நான், இதற்கும் அதுவே சிகிச்சை என்று எண்ணி, பசுப்பாலை இளஞ்சூடாக்கித் துணித்திரியில் தோய்த்து, குட்டியை மல்லாத்திப் பிடித்து வாய்க்குள் வடித்தேன். விடியற்காலையில் அது இறந்து கிடந்தது. மூக்கிலே பால் நுரைத்திருந்தது.

அம்மரணத்திலே நான் செய்த பிழைகள் மூன்று. சில மாதங்களுக்குப் பின் எங்கள் காரியாலயத்துக்கு வந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் அதைச் சொன்னபோது, அவர் சினக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். முதலாவது, குட்டியை நான் தொட்டபோது அது குளிர்ந்திருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டியின் உடல் வெப்பம் 35, 36 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். ஒரு மாதம் ஆகும்போது 38 பாகையை எட்டும். வயதுக்குரிய அளவைவிட உடல் மிகவும் குளிர்ந்துவிட்டால் குடலின் இயக்கம் நின்றுவிடுகிறது. அந்த வேளையில் ஊட்டும் பால் சீரணமாகாமல் வயிற்றிலேயே புளித்துக் கிடக்கும், அல்லது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டாவது, மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்தது. பூனைக்குட்டி தாயிடம் வயிறு நிலத்தில் பட, தலை சற்று நிமிரக் கிடந்துதான் குடிக்கிறது. அந்நிலையை மாற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. மூன்றாவது, பசுப்பால். அதிலுள்ள பாற்சீனி பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். பூனையின் பாலில் இருக்கும் அளவுக்குப் புரதமும் அதில் இல்லை. இம்மூன்றிலும் முதலாவதே பெரிய பிழை என்றார் அவர். முதலில் சூடு, பிறகு நீர், பிறகு உணவு, அதன் பின்னரே மருந்து என்ற வரிசையை நான் அன்றுதான் கற்றேன். பிற்காலத்தில் நான் பிழைக்க வைத்த குட்டிகள் எல்லாம் அந்த வரிசையால் பிழைத்தவை. என் கையில் இறந்தவற்றிற் பல, அந்த வரிசையை அறியாத நல்லவர்கள் இரக்கத்தோடு பாலூட்டிய பிறகு என்னிடம் வந்தவை.

1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வவுனியாவுக்கு வடக்கே செல்லும் பொருள்கள் தடைசெய்யப்பட்டும் அளக்கப்பட்டும் போன காலத்தில், எல்லைக் கிராமங்களுக்கு நான் கொண்டுசென்ற பெட்டி ஒவ்வொரு மாதமும் இலேசாகிக்கொண்டே வந்தது. மருந்து அருமையான அந்த வருஷங்களே எனக்கு மருந்தில்லாத வைத்தியத்தைப் போதித்தன. வயிற்றுக் குத்துக்கு ஒத்தடம் கொடுக்கவென்று எங்கள் அம்மாமார் உப்பை வறுத்துத் துணியில் முடிவார்கள் அல்லவா, அதே உப்பு முடிச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடு விடாமல் இருக்கும் என்பதைக் கண்டு, அதைச் சாக்கில் சுற்றி, குளிர்ந்த குட்டியின் பக்கத்தில், உடலில் நேரே படாமலும் குட்டி விரும்பினால் விலகிப் படுக்க இடம் இருக்குமாறும் வைக்கப் பழகினேன். கண்பீளை ஒட்டி மூடிய கண்ணுக்கு, கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பஞ்சால் ஒற்றுவதே முதற் சிகிச்சையாயிற்று. மூன்று வாரம் நிறையாத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்க அறியாது. தாய் நக்கிவிடும் ஸ்தானத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் தடவிவிட வேண்டும். இவற்றுக்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் அனுமதி பெற வேண்டியதில்லை.

யுத்தத்தில் மனிதர் பட்ட துன்பத்தின் பக்கத்தில் பூனையின் கதையை வைத்துப் பேசுவது தகாது என்பதை நான் உணர்வேன். எனினும் நான் கண்டவற்றைச் சொல்வது என் கடமை. இடம்பெயரும் குடும்பத்தின் பின்னால் நாய் ஓடிவரும். பூனையோ தன் இடத்தை விட்டு அசையாது. கிளிநொச்சி 2009 ஜனவரி 2 ஆம் திகதி வீழ்ந்து, மே மாதத்தில் யுத்தம் முடிந்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் சனங்கள் முட்கம்பி முகாம்களுக்குள் வந்து சேர்ந்த அந்த வருஷத்தில், செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் நிரம்பி, எங்கள் நெளுக்குளம் கலைமகள் மகா வித்தியாலயமும் வகுப்பறை வகுப்பறையாகச் சனங்களால் நிரம்பியிருந்தபோது, அங்கேயும் வந்தவர்களோடு நாய்கள் சில இருந்தன. பூனை ஒன்றைக்கூட நான் காணவில்லை. அவை, சனங்கள் விட்டுவந்த வீடுகளின் முற்றத்திலும் கூரையிலும் காத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டன.

மீள்குடியேற்றத்தின்போது நான் அந்தப் பக்கம் போனேன். கூரையற்ற வீடுகளில், ஆள் நடமாட்டமே அறியாமல் பிறந்து வளர்ந்த பூனைகள் இருந்தன. ஆட்களைக் கண்டதும் அவை ஓடிய விதம் வீட்டுப் பூனை ஓடும் விதம் அன்று. காட்டு விலங்கின் ஓட்டம். தன் வீட்டுப் படியில் தினமும் மாலை ஒரே நேரத்தில் சோறும் மீன்தலையும் வைத்துவந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். எட்டு மாதம் வைத்தார். பெரிய பூனை கடைசிவரை படியேறவில்லை. அதன் குட்டிகளில் ஒன்று ஏறி வந்து அவருடைய மடியில் படுத்தது. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்து ஐலீன் கார்ஷ் என்ற அம்மையார் 1980களில் செய்த ஆராய்ச்சியைப் பற்றிப் பின்னர் வாசித்தேன்: பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையில் மனிதரின் கை பட்ட குட்டியே மனிதரை எளிதில் ஏற்கும் என்பது அதன் சாரம். அந்தத் தாயின் படியில் நான் கண்டதற்கு அப்போதுதான் காரணம் விளங்கிற்று. காலம் கடந்த பெரிய பூனையைப் பிடித்து அடைத்து அன்பு செலுத்துவது அதற்கு நரகம். அதற்கு உணவு வைத்து, கருத்தடை செய்து, அதன் இடத்திலேயே விட்டுவிடுவதே தர்மம்.

ஓர் அனுபவத்தை மட்டும் எச்சரிக்கைக்காக இடையில் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிராமத்தில் ஒருவர், காய்ச்சலில் கிடந்த தம் பூனைக்கு, தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போலவே பாதிப் பனடோல் குளிசையைப் பொடித்துக் கொடுத்திருந்தார். நான் போனபோது அதன் முகம் வீங்கியிருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன், இளஞ்சிவப்பாய் இருக்க வேண்டிய முரசு மண்ணிறமாய் மாறியிருந்தது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் தன்மையை இழந்துவிடுகிறது. இரவுக்குள் அது இறந்தது. “நான்தானே கொண்டுபோட்டன், ஐயா” என்று அவர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பனடோலும் டெற்றோலும், நாயின் தெள்ளுக்கும் உண்ணிக்கும் விற்கும் பல மருந்துகளும் பூனைக்கு நஞ்சு என்பதை அன்றிலிருந்து போகிற வீடெல்லாம் சொல்லி வருகிறேன்.

2018 இல் நான் இளைப்பாறினேன். பால்மாவும் மருந்தும் ஒருங்கே அருமையாகிப் போயிருந்த 2022 ஆம் ஆண்டின் கார்த்திகை மாதத்தில், மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பின், எங்கள் வளவின் விறகு அடுக்குக்குள் இருந்து ஒரு குட்டியின் சத்தம் கேட்டது. “அப்பப்பா, அது செத்துப் போகப்போகுது, எடுங்கோ” என்று பேத்தி அழுதாள். தாய் இரைதேடப் போய் வரக்கூடும் என்று கால் நாள் காத்திருந்தேன். பல குட்டிகள் இப்படிக் காத்திராமல் தூக்கப்பட்டே அநாதைகளாகின்றன. மன்னார் வீதியோரத்தில் வாகனத்தில் அடிபட்டுக் கிடந்த பெட்டைப் பூனையொன்றைப் பிற்பகலில் கண்டபின்னரே, துவாயைப் போட்டு மூடிக் குட்டியை எடுத்தேன். எடுக்கும்போது அது என் பெருவிரலைத் துவாயோடு சேர்த்துக் கடித்தது.

குட்டிதானே என்று இருக்கக் கூடாது. இந்நாட்டில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதால் இன்று அத்தொகை மிகக் குறைந்துவிட்டது. ஆயினும் நாய்க்கு அடுத்தபடியாக அந்நோயைக் கொண்டுவரக்கூடிய வீட்டுப் பிராணி பூனையே. குழாயடியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவி, வவுனியா வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தபின்பே குட்டிக்கான மீதி வேலையைத் தொடங்கினேன்.

அது வரையில் குட்டி, சாக்கு விரித்த அட்டைப்பெட்டியில், உப்பு முடிச்சின் பக்கத்தில், என் மனைவியின் கண்காணிப்பில் கிடந்தது. திரும்பி வந்து காதைத் தொட்டேன், சூடு ஏறியிருந்தது. கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன; ஆறு வாரம் இருக்கலாம் என்று கணித்தேன். குசினித் தராசில் நிறுத்தபோது 380 கிராம். அவ்வயதில் 600 கிராம் அளவில் இருக்க வேண்டிய பிராணி. இரு கண்களும் ஒட்டி மூடியிருந்தன, மூக்கு அடைத்திருந்தது, மயிரை விலக்கினால் தெள்ளு ஓடிற்று. அத்தனை சிறிய உடலில் தெள்ளு குடிக்கும் இரத்தமே உயிருக்கு ஆபத்து. குளிப்பாட்டினால் மறுபடி குளிரும் என்பதால், பேன் சீப்பால் வாரி, சவர்க்கார நீர்க் கோப்பையில் ஒவ்வொன்றாக அமிழ்த்தினேன்.

பூனை மூக்கால்தான் உண்கிறது. மணம் எட்டாவிட்டால் எதிரே அமுதத்தை வைத்தாலும் தொடாது. ஆகவே கொதிநீர்ப் பாத்திரத்தைச் சற்றுத் தூரத்தில் வைத்து, பெட்டியைத் துணியால் மூடி, ஆவி பிடிக்க விட்டேன். ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசலை ஊசி கழற்றிய சிரிஞ்சினால் கன்னத்தின் ஓரமாகத் துளித்துளியாக, அது விழுங்க விழுங்கக் கொடுத்தேன். அன்று இரவு பத்து மணிக்கு, மன்னாரிலிருந்து வந்த சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து மசித்து, வெதுவெதுப்பாக விரல்நுனியில் எடுத்து அதன் மேலுதட்டில் தடவினேன். நெடுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு நாக்கு வெளியே வந்தது. உதட்டைச் சுற்றி ஒருமுறை நக்கிவிட்டு, மூடிய கண்களோடு தலையைத் திருப்பி என் விரல் இருந்த திசையைத் தேடிற்று. நாற்பது வருஷ காலத்தில் எத்தனையோ பசுக்களின் கஷ்டப் பிரசவங்களைப் பார்த்தவன் நான். அந்த நாக்கு வெளிவந்த கணத்தில் அடைந்த சந்தோஷம் அவற்றுக்குக் குறைந்ததன்று.

மறுநாள் மிருக வைத்தியரிடம் காட்டி, அவர் எழுதிக்கொடுத்த மருந்தை இரு மருந்துக்கடைகளில் தேடிப் பெற்றோம். குளிசை தொண்டையில் தங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பின்னால் நீர் கொடுத்தோம். ஐந்தாம் நாள் கண்கள் திறந்தன. நிறை நாளுக்குப் பத்து, பதினைந்து கிராமாக ஏறத் தொடங்கிற்று.

உடம்பு தேறியதும் பயம் வெளிப்பட்டது. சாகக் கிடந்தபோது கையில் கிடந்த குட்டி, கண் தெரிந்த நாளிலிருந்து சீறிக்கொண்டு மூலையில் ஒடுங்கிற்று. இவ்விடத்தில்தான் பலர் மனந்தளர்ந்து, நன்றி கெட்ட பிராணி என்று கைவிடுகிறார்கள். அதற்கு நாம் செய்தவை என்னவென்று அதன் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்: துணி போட்டு மூடினோம், கண்ணைத் திறந்தோம், வாய்க்குள் கசப்பை இட்டோம். நம் உபகாரம் முழுவதும் அதற்கு உபத்திரவமாகவே தெரிந்திருக்கும்.

சிகிச்சைக்கு இருப்பது போலவே நம்பிக்கைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலாவது மறைவிடம். வீடு முழுவதையும் திறந்துவிட்டால் குட்டி அலுமாரிக்குப் பின்னால் மறைந்து காட்டுப் பூனையாகவே வளரும். ஆகையால் பழைய கோழிக்கூட்டைக் கழுவிக் காயவிட்டு, உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும், மணல் போட்ட தட்டமும் வைத்தேன். இரண்டாவது நேரம். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று உணவு தவறாமல் வரும், கொண்டுவருபவன் நான், வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிலத்தில் அமர்ந்து, பத்திரிகையை உரக்க வாசிப்பேன். என் குரலும் மீனின் மணமும் ஒன்றாக வரும் என்பதை அது அறிய ஒரு வாரம் சென்றது. மூன்றாவது பார்வை. உற்றுப் பார்ப்பது பூனைக்குப் பகையின் அடையாளம். கண்ணை மெல்ல மூடி மெல்லத் திறப்பது சமாதானத்தின் அடையாளம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020 இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். என் பேத்தி அதற்கு முன்னரே அடுப்படிப் பூனையிடம் இதைப் படித்திருந்தாள்.

தொடுதல் நான்காவதாக வருகிறது. மேலிருந்து இறங்கும் கை, குட்டியின் கண்ணுக்குப் பருந்தின் நகம். ஆகவே நீண்ட ஈர்க்கின் நுனியில் கோழியிறகைக் கட்டி, அது உண்ணும்போது நிலத்தோடு நிலமாக நீட்டிக் கன்னத்தில் தடவினேன். முதல் நாள் இறகை அறைந்தது. நான்காம் நாள் பொறுத்துக்கொண்டது. ஏழாம் நாள் இறகிலே தலையைத் தேய்த்தது. ஒவ்வொரு நாளும் ஈர்க்கில் ஒரு விரற்கடை ஒடித்தேன். ஈர்க்கு தீர்ந்த நாளில் இறகைப் பிடித்திருந்த விரல் அதன் காதின் பின்னால் பட்டது. குட்டி உண்பதை நிறுத்தி, சற்று யோசித்து, மீண்டும் உண்டது. அதன் தொண்டைக்குள் குறுகுறுவென்ற ஓசை எழுந்தது. அந்த ஓசையை மட்டும் நம்பிவிடக் கூடாது. வேதனையில் கிடக்கும் பூனையும் அவ்வாறு ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன். நான் காத்திருந்த அடையாளம் இருபத்து மூன்றாம் நாள் காலையில் வந்தது. கூட்டைத் திறந்து எழுந்தபோது, அது வாலைச் செங்குத்தாக உயர்த்திக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தது. தாயிடம் போகும் குட்டி அவ்வாறுதான் நடக்கும்.

அது இப்போது வளர்ந்துவிட்டது; அதற்குப் பெயருமுண்டு. கருத்தடை செய்வித்தோம், நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடிய, ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடக்கூடிய பிராணியை அப்படியே விட்டிருந்தால், ஒரு குட்டியைக் காப்பாற்றி இருபது கட்டாக்காலிகளை வீதிக்கு அனுப்பியிருப்போம். அந்நியரின் மோட்டார்சைக்கிள் ஒலி கேட்டால் இன்றும் கூரைக்கு ஏறிவிடும். அந்தப் பயம் அதன் சொத்து. அதை நான் பறிக்க முயலவில்லை.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த நாட்களோடு ஒப்பிடும்போது, காலம் எவ்வளவோ மாறியிருக்கிறது. பூனையைக் கூடையில் வைத்து ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும் இளைஞர்களை இன்று நெளுக்குளத்திலேயே காண்கிறேன். பூனைக்குரிய உணவுப் பைக்கற்றுகள் கடைகளில் தொங்குகின்றன. மருந்தும் அறிவும் பெருகியிருக்கின்றன. ஆனால் மாரி வந்தால் என் படலையில் வந்து நிற்பவர்கள், இப்போதும் குளிர்ந்த குட்டியை ஒரு கையிலும் பால் போத்தலை மறு கையிலும் வைத்துக்கொண்டே நிற்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்வதையே வாசகர்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். குட்டியைக் கண்டால் முதலில் தள்ளி நின்று தாய்க்காகக் காத்திருங்கள். தாய் வராவிட்டால், எடுத்து அதன் காதையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால், பால் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் உப்பை வறுக்கத் தொடங்குங்கள்.